தம்பிக்கு, அப்பாவின் பெயரைப் பற்றி

தம்பி,

ஜூன் 30 இரவு நீ அனுப்பிய செய்தியில் ஒரே வரிதான் இருந்தது. "அக்கா, இனி விளையாட மாட்டேன்." நான் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. பதிமூன்று வருடக் கால்பந்துக்கு ஒரு படம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரி அக்கா, சரி அக்கா" என்று சொல்லிக்கொண்டே என்னை வழியனுப்பி விடுவாய். அதோடு, 2016 இல் நான் உன்னைப் பற்றி எழுதியதும் இதே பக்கத்தில்தான். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. "ஒரு பிள்ளை பந்தோடு போய்விட்டால் மற்றப் பிள்ளை இரண்டு பேருக்கும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது" என்று எழுதினேன். எங்களைத் தெரிந்த எல்லாருக்கும் அது யார் என்று தெரியும். கனபேர் பகிர்ந்தார்கள். பாராட்டி எழுதினார்கள். நீ அதை வாசித்தாய் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு மூன்று மாதம் நீ வீட்டுக்கு வரவில்லை. ஒரு சொல்லும் கேட்கவும் இல்லை. ஊரறியச் சொன்னதை ஊரறியவே திருப்பி எடுக்கவேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த வரியில் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் படித்தேன். ஆனால் அது உன்னுடைய குற்றம் இல்லை. அதைத்தான் அன்றைக்கு எழுதாமல் விட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா உன் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

ஒரு தடவைதான். 2013 நவம்பர், ஒரு சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி ஆட்டம். நீ அந்தக் கழகத்தில் சேர்ந்து நாலு மாதம். அப்பா காலையில் என்னைக் கூப்பிட்டு, "காரில் பெற்றோல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எங்கே என்று கேட்டதற்கு உன் கழகம் இருக்கிற ஊரின் பெயரைச் சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் கடைக்குப் போகிறோம் என்றோம்.

வழியில் நான் அவருக்கு விளக்கிக்கொண்டு போனேன். இங்கே வாசிக்கிறவர்களுக்காகவும் அதைச் சொல்கிறேன், நீ தாண்டிப் போகலாம். ஜேர்மனிக் கால்பந்தில் மேலே இரண்டு புண்டஸ்லீகா, நாட்டின் பெரிய தொடர்கள். அதற்குக் கீழே 2008 இல் தொடங்கிய மூன்றாம் லீகா. அதற்கும் கீழே நாலாவது படியில் நீ ஆடிய ரீஜியனல்லீகா, 2012 இலிருந்து நாடு முழுக்க ஐந்து பிரிவு. அந்த வருடங்களில் தன் பிரிவில் முதலாவதாக வந்த கழகம்கூட நேரே மேலே போக முடியாது, இன்னொரு கழகத்தோடு மோதி வெல்லவேண்டும். ஐந்தாவது ஓபர்லீகா. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இவனுக்கு மேலே மூன்று தட்டு இருக்கு" என்றார். பிறகு, தான் வேலை செய்த சமையலறையை நினைத்து, "குசினியில் எனக்கு மேலே ஐந்து இருந்தது" என்றார்.

நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போனோம். அப்பாவின் முழங்கால் அப்போதே சரியில்லை, அதனால் கூரை போட்ட சின்னப் பார்வையாளர் மேடையில் கடைசி வரிசையில் இருந்தோம். நானூறு பேர் இருந்திருப்பார்கள். நீ ஆறாம் இலக்கச் சட்டையோடு நடுக்களத்தில் இறங்கினாய். அந்த இடத்தில் ஆடுகிறவன் என்ன செய்கிறான் என்று எனக்கு அதுவரை விளங்கியதே இல்லை. பந்து உன்னிடம் வந்தால் ஒரு தட்டு, பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிடுவாய். மற்ற நேரமெல்லாம் கையைக் காட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, யாரோ விட்டுவிட்டுப் போன இடத்துக்கு ஓடி ஓடி நின்றாய். அப்பா அரை மணி நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம், "பெரிய சமையல்காரர் வராத நாளில் நான் செய்கிற வேலைதான் இது" என்றார். "சட்டி யாருடையதாக இருந்தாலும் கருகவிடக் கூடாது."

இரண்டாம் பாதியில் கோர்னர் அடி ஒன்று திரும்பி வந்ததில் நீ கோல் போட்டாய். நீ கோல் போட்டதை எண்ணிச் சொல்ல ஒரு கை விரல் போதும், எது என்று உனக்கே தெரியும். சனம் கத்தியது. நானும் கத்தினேன். பிறகு ஒலிபெருக்கியில் அந்த மனிதர் உன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். சனம் மிச்சத்தைச் சொன்னது.

இந்த நாட்டு மைதானங்களில் அதுதான் வழக்கம். அறிவிப்பாளர் முதற் பெயரைச் சொல்வார், குடும்பப் பெயரைச் சனம் சேர்ந்து கத்தும். மூன்று முறை. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கடவுச்சீட்டில் அந்த இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர்.

நானூறு ஜேர்மன்காரர் அப்பாவின் பெயரைக் கத்தினார்கள்.

தம்பி, அப்பா எழும்பிவிட்டார். சந்தோசத்தில் துள்ளி எழும்பவில்லை. கூப்பிட்டவுடன் எழும்புகிற மாதிரி எழும்பினார். கை நேரே கோட்டின் உள் பைக்குப் போனது.

அந்தக் கை எங்கே போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீ பிறந்த காலத்தில், வெளிநாட்டவர் அலுவலகத்தின் காத்திருக்கும் அறையில், அவரோடு மொழிபெயர்க்கப் போய் இருந்தவள் நான். கதவைத் திறந்து யாராவது பெயரைக் கூப்பிடுவார்கள். இப்படித்தான், நடுவில் ஒரு எழுத்தை விழுங்கி, கடைசியை இழுத்து. அப்பா உடனே எழும்புவார், ஒரு விநாடி பிந்தினாலும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயத்தில். கை உள் பையிலிருந்து அந்த மடித்த தாளை எடுக்கும். இன்னும் ஆறு மாதம் இருக்கலாமா, மூன்று மாதமா என்பது அந்தத் தாளில் விழும் முத்திரையில் இருந்தது. 1985 இல் இலங்கையிலிருந்து கிழக்கு பெர்லின் வழியாக வந்த மனிதர். அகதி வழக்கு நடந்த வருடங்களில் தங்கியிருந்த மாவட்டத்தைத் தாண்டவே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தவர். இந்த நாட்டில் அவருடைய பெயரை யாராவது சத்தமாகச் சொன்னார்கள் என்றால் அது அந்த அறையில்தான்.

இரண்டாம் முறை கத்தியபோது அவர் என்னைப் பார்த்தார். நான் மைதானத்தைக் காட்டினேன். உன் தோளில் நாலு பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை அவர் நின்றபடியே கேட்டார். கையைப் பையிலிருந்து எடுத்து, கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். பிறகு இருந்தார். ஆட்டம் முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

காரில் ஏறிய பிறகுதான் சொன்னார். "அவனிட்டைச் சொல்லாதே. நான் வந்தது தெரிஞ்சால் ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைத் தேடிப் பார்ப்பான். கவனம் போய்விடும்."

நான் சொல்லவில்லை. முதலில் அவர் கேட்டதற்காக. பிறகு நான் சொல்லாமல் இருந்ததற்கு அவர் காரணம் இல்லை.

இதைத்தான் எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் அழித்து அழித்து எழுதினேன். 2017 இல் உன் முழங்கால் நார் அறுந்தபோது நீ என் வீட்டில் ஏழு மாதம் இருந்தாய். ஊன்றுகோலோடு இருந்தவனின் ஒப்பந்தத்தை ஜூன் 30 ஓடு முடியவிட்ட கழகத்தைப் பற்றி இங்கே எதுவும் எழுதப் போவதில்லை. விபத்துக் காப்புறுதிக் கடிதங்களை நிரப்பியது நான். மருத்துவப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கியது நான். அத்தான் அந்த ஏழு மாதம் என்ன சொன்னார், என்ன சொல்லவில்லை என்பதை எங்கள் மூன்று பேரோடு விட்டுவிடுவோம். ஒரு இரவு நீ சொன்னாய்: "அப்பா ஒருநாளாவது வந்து பார்த்திருந்தால் இவ்வளவு நோகாது." நான் அடுப்படியில் நின்றேன். வாய்வரை வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு உன்மேல் சரியான கோபம். உன் தட்டு மேசையில் அப்படியே கிடந்தது, வேலை முடிந்து வந்து அதைக் கழுவிக்கொண்டு நின்றேன். நோகட்டும் என்று நினைத்தேன். நோகட்டும், எனக்கும் நோகிறதுதானே என்று.

அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், அந்த ஒரு இரவுக்கு. மற்றதற்கெல்லாம் என்னிடம் நியாயம் இருக்கிறது. அதற்கு இல்லை.

அடுத்த கோடையில் உன்னை டூயிஸ்பேர்க்குக் கூட்டிப் போனேனே. கால்பந்து வீரர் சங்கம் வருடாவருடம் அங்கே நடத்துகிற முகாம். ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரர்கள் ஒன்றாகப் பயிற்சி செய்து, ஒரு அணியாகி, யாராவது பார்த்து எடுக்கமாட்டார்களா என்று ஆடுவார்கள். பெயர் கேட்டால் நாட்டுக்கே தெரிந்த ஒருவரும் அங்கே நின்றார், பதினெட்டு வயதுப் பெடியனும் நின்றான். நீ காரைவிட்டு இறங்காமல் ஐந்து நிமிடம் இருந்தாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். திரும்பி வரும் வழியில் கண் தெரியாமல் அழுதேன், ஆனாலும் சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்லத் தெரியவில்லை.

2019 இல் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது நீ மூன்றாம் நாள்தான் வந்தாய். "ஒரு ஆட்டம் விட்டால் என் இடம் போய்விடும்" என்று சொன்னாய். அது உண்மை என்று இப்போது தெரியும். அப்போது மாதம் 250 யூரோவில் தொடங்கிய ஒப்பந்தங்களில், காலையில் பொதி விநியோகித்துவிட்டு இரவில் பயிற்சிக்குப் போகிறவர்களின் உலகத்தில், மாற்று ஆட்டக்காரர் இருக்கும் வாங்கில் உன் இடத்துக்கு மூன்று பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி நடைபாதையில் தனியே நின்று, அப்பாவின் மூளையில் நடந்ததை டொக்டரின் ஜேர்மனிலிருந்து அம்மாவின் தமிழுக்கு மாற்றியவள் நான். அதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்.

உறவுக்காரர் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். 2023 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்துக்காகத் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் களமிறங்கியபோது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பூங்கொத்து, எத்தனை "எங்கட பெடியன்". அந்தப் பிள்ளைக்கு எல்லா நன்மையும் கிடைக்கட்டும், நானும் சந்தோசப்பட்டேன். அவரும் நடுக்கள ஆட்டக்காரர்தான். ஆனால் அதே குழுவில் என் தம்பியை "இன்னும் பந்தடிச்சுக்கொண்டு திரியிறானா?" என்று கேட்ட குரல்களையும் கேட்டிருக்கிறேன். "ஜேர்மன் அணியின் குளோஸேயும் சின்ன ஊர் லீக்கில் ஆடியவர்தானே, தச்சு வேலை பழகியவர்தானே, உலகக் கோப்பையில் 16 கோல் போடவில்லையா" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு. அந்த ஆறுதல்தான் உன்னை அதிகம் வாட்டியது. அவரோடு அந்த ஊர் லீக்கில் ஆடிய மற்றவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

நாலாம் படியிலும் பெரிய மைதானம் உண்டு. 2015 பெப்ரவரியில் ஆஹன் கழகமும் எஸ்ஸன் கழகமும் மோதிய ஆட்டத்துக்கு 30 ஆயிரத்துக்கும் மேல் சனம் வந்தது. அப்பா அதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் சேர்ந்து சொன்னால் எப்படிக் கேட்கும்?" என்றார். எதை என்று அம்மா கேட்டார். அப்பா பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

இந்த மே மாதம் உன் கடைசி வீட்டு ஆட்டத்துக்கு நான் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. கோர்னர் கொடிக்குப் பின்னால் நின்றேன். நீ கொஞ்சம் மெதுவாகிவிட்டாய், ஆனால் கை காட்டுவது குறையவில்லை. 61 ஆம் நிமிடம் உன்னை வெளியே எடுத்தார்கள். அறிவிப்பாளர் உன் பெயரைச் சொன்னார். இருநூறு பேர்தான் இருக்கும். அவர்கள் அப்பாவின் பெயரைச் சொன்னார்கள், அதே மாதிரிப் பிழையாக.

அப்பா போய் அப்போது பத்து மாதம். எங்கள் வீட்டில் அவர் "அப்பா", அம்மாவுக்கு "இஞ்சேரும்". அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி நான் அதன் பிறகு கேட்டதே இல்லை. எனக்கு நிற்க முடியவில்லை. நீ வாங்கில் போய் இருக்கும் முன்பே நான் கார் நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டேன். நீ விளையாட மாட்டேன் என்று எழுதியபோது எனக்கு முதலில் வந்த எண்ணம் உன்னைப் பற்றியது இல்லை, தம்பி. இனி அதை யார் கத்துவார்கள் என்பதுதான்.

ஆண்டுத் திவசம் வருகிற சனிக்கிழமை. ஐயர் பதினொரு மணிக்கு வருவார், அதன் பிறகு ஹம் நகரத்து அம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா சொல்கிறார். சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. நீ முதல் நாள் இரவே வந்துவிடு, மேல் அறையில் படுக்கை போட்டிருக்கிறேன். ரயில் எத்தனை மணிக்கு என்று எழுது, அத்தானே வந்து ஏற்றுவதாகச் சொன்னார். அப்பாவின் கோட் என்னிடம் இருக்கிறது. உனக்குத் தோள் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், போட்டுப் பார்.

அக்கா