என்ன வேலை செய்கிறேன் என்று கேட்ட டொக்டருக்கும் மற்றவர்களுக்கும்

டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். பெயர் போடவில்லை. லயத்து ஆட்களுக்கு ஆள் யாரென்று தெரியும்.

முதல் நன்றி மிட்வைஃப் மிஸ்ஸுக்கு. 35, 45 வயதுப் பெண்களைக் கூப்பிட்டு மார்பில் கட்டி இருக்கிறதா என்றும் பார்க்கும் சுவநாரி கிளினிக்குக்கு, "பேர் போயிரும் மிஸ்" என்று அன்றைய நாட்சம்பளத்தைக் காரணம் சொல்லி இரண்டு தடவை டிமிக்கி கொடுத்தேன். மூன்றாம் தடவை அவரே கணக்கப்பிள்ளையிடம் பேசி என்னை மலையிலிருந்து இறக்கினார். (அதற்கு முன்னால் வேறொருவரிடம் கட்டியைக் காட்டியிருந்தேன். வாயு என்று தைலம் கொடுத்தார். அதை விடுவோம்.)

புற்றுநோய் என்று சொல்லி இடது மார்பை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைத்தார்கள். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை.

பிறகு ஒரு வருஷம் ரவிக்கைக்குள் துணி திணித்துக்கொண்டு திரிந்தேன். குனிந்தால் நழுவும். "புள்ள பெத்து முடிஞ்ச வயசுல இனி எதுக்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மார்பைத் திரும்ப உருவாக்கும் டொக்டருக்குத் தமிழ் வராது. வார்டில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லித் தந்தார். சிலிக்கோன் பை வைக்கலாம், ஆனால் கரண்ட் பட்ட இடத்தில் பையைச் சுற்றித் தழும்பு இறுகிக் கல்லாகிவிடுவது அதிகமாம். முதுகுத் தசையை முன்னுக்குத் திருப்புவது இன்னொரு வழி. அதைத்தான் எழுதத் தொடங்கினார். பேனையை வைத்துவிட்டு, "என்ன வேலை?" என்று கேட்டார். வாய் வரவில்லை. கொழுந்து பறித்துத் தோளுக்குப் பின்னால் போடுவதைக் கையாலே காட்டினேன். எழுதியதை வெட்டிவிட்டார். கையைக் கீழே, பின்னே இழுப்பது அந்தத் தசைதானாம். செடியைப் பிடித்து மேடு ஏறுகிறவளிடமிருந்து அதை எடுக்கக் கூடாது என்றார். டொக்டர் ஐயா, அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலே.

கடைசியில் வயிற்றிலிருந்து எடுத்தார்கள். தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடு எடுத்து, நெஞ்சிலுள்ள குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பது. காலையில் உள்ளே போனவள் பொழுது சாய்ந்துதான் வெளியே வந்தேன். இரவு முழுக்க மணிக்கொரு தடவை சின்னக் கருவியை வைத்து ரத்தம் ஓடும் 'புஸ் புஸ்' சத்தம் கேட்ட மிஸ்மாருக்கு எப்படி நன்றி சொல்வது? சத்தம் நின்றால் திரும்பவும் ஒப்பரேஷன் தியேட்டர்தான்.

மூன்றாம் காம்பிரா அக்கா என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். இரண்டு வாரம் கூனிக் கூனி நடந்தபோது வாசலில் நின்று சிரித்தவரும் அவர்தான். சிரிக்க வைத்ததற்கும் நன்றி.

புதிய மார்பில் தொடு உணர்ச்சி இல்லை. காம்பும் இல்லை, பச்சை குத்தி வரையலாமாம், பிறகு பார்ப்போம். ரவிக்கை நிற்கிறது. அக்குள் நெறிகளை (நிணநீர் முடிச்சுகளை) எடுத்திருப்பதால் அட்டைக் கடியோ செடிக் கீறலோ புண்ணாகிவிட்டால் இடது கை வீங்கிவிடக்கூடும். அதனால் கணக்கப்பிள்ளை இப்போது தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் வேலை தந்திருக்கிறார். கையுறையும் அவர் வாங்கியது.

அடுத்த கிளினிக்குக்கு விடியற்காலை ஹட்டனிலிருந்து பஸ் ஏறுவேன். கட்டி தட்டுப்பட்டு, தனியாகப் போகப் பயந்துகொண்டு யாராவது இருந்தால் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்து சீட்டைப் பிடித்து வைக்கிறேன்.