சண்டை வருவதற்கு முன்பே எங்களை உட்கார வைத்துப் பேச வையுங்கள்

அனுப்புநர்:
திருவல்லிக்கேணி பகுதிவாசிகள் (கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள் ஓரிருவர் உட்பட), சென்னை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிங்காரவேலர் மாளிகை, ராஜாஜி சாலை, சென்னை.

பொருள்: எல்லா மதத்தினரும் தவறாமல் கூடிப் பேசும் கூட்டத்தை வார்டு அளவில் ஏற்படுத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று ஒரு தகராறு. பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரமும் மக்ரிப் பாங்கு (சூரியன் மறைந்ததும் தொழுகைக்கு அழைப்பது) சொல்லும் நேரமும் ஒன்றாகிவிட்டது, பாக்ஸ் ஸ்பீக்கர் வேறு பள்ளிவாசல் பக்கம் பார்த்து நின்றது. இரண்டு பையன்கள் போய்க் கேட்டார்கள், கேட்ட விதம் சரியில்லை, பதில் சொன்ன விதம் அதைவிட மோசம், யாரோ அரை நிமிடம் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டிவிட, ராத்திரிக்குள் "உங்க ஏரியாவில் கலவரமாமே?" என்று தாம்பரத்திலிருந்து என் அத்தை போன் செய்கிற அளவுக்குப் போய்விட்டது.

மறுநாள் இரு தரப்பையும் அழைத்து அமைதிக் கூட்டம் நடத்தினார்கள். வந்த அதிகாரிகள் பொறுமையாகத்தான் இருந்தார்கள், அவர்கள் மேல் புகார் எதுவும் இல்லை. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள், இரண்டு பக்கமும் நடுவில் இருந்த அதிகாரியைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. ஒலி மாசு விதிகளை வாசித்துக் காட்டினார்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன, சரி, எங்கள் தகராறு நடந்தது மாலை ஆறே முக்காலுக்கு! எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பிரச்சினை உண்மையில் தீர்ந்தது அடுத்த வாரம், டீக்கடையில். ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் அந்த மாதத்துத் தொழுகை நேர அட்டையைக் கொண்டுவந்து விழாக் குழுப் பையனிடம் கொடுத்தார், அவன் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு மைக் செட் போடுகிறவருக்கு அனுப்பினான், அவ்வளவுதான். பிறகு விசாரித்தால், இந்த ஏற்பாடு வருஷக்கணக்காக இருந்ததுதானாம். முன்பு கோயிலைப் பார்த்துக்கொண்டவரும் பள்ளிவாசலை நிர்வகித்த முத்தவல்லியும் பழைய சிநேகிதர்கள், பாங்கு நேரத்தில் பாட்டை நிறுத்துவது அவர்களுக்குள் பேசி வைத்த விஷயம். ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் மகன் வீட்டோடு புறநகருக்குப் போய்விட்டார். அவர்களோடு அந்த ஏற்பாடும் போனது, அடுத்து வந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் மனுவின் சாரமே இதுதான். இந்த ஊரில் மத இணக்கம் இத்தனை காலம் இரண்டு மூன்று மனிதர்களின் பழக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாடகை ஏறுகிறது, பழைய குடும்பங்கள் காலி செய்கின்றன, புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரிவதில்லை.

எங்களுக்கு ஒற்றுமை பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். பார்த்தசாரதி கோயிலும் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. ரமலானில் மயிலாப்பூர் சூஃபிதார் ஆலயத்திலிருந்து சிந்தி மக்கள் வந்து அந்தப் பள்ளிவாசலில் நோன்பு திறப்போருக்குச் சாப்பாடு பரிமாறுவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. 2015 வெள்ளத்தில் யார் யாருக்குக் கதவைத் திறந்தார்கள் என்று சென்னைக்குச் சொல்லத் தேவையில்லை. உதவி செய்ய நாங்கள் தயங்கியதே இல்லை. சங்கடமான கேள்விகளைக் கேட்கத்தான் இடம் இல்லை. ஊர்வலம் இந்தத் தெருவுக்குள் வந்ததும் மேளம் ஏன் சத்தமாகிறது? வெள்ளிக்கிழமை மதியம் என் வீட்டு வாசலை மறித்து வண்டி விட்டால் யாரிடம் சொல்வது? வீட்டு ஜெபக் கூட்டம் என்றதும் சிலர் மதமாற்றம் என்று ஏன் கிளம்புகிறார்கள்? பிரியாணிக்கும் பாயசத்துக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும்போது இதையெல்லாம் கேட்க முடியாது.

இன்னொன்று, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்: மதங்களுக்கு இடையே மட்டும்தான் சிக்கல் என்பதில்லை. காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் பிரபந்தம் பாடுவதில் வைணவர்களின் இரு பிரிவுகளான வடகலைக்கும் தென்கலைக்கும் உள்ள வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டில் கிடக்கிறது. தொழுகை முறையை வைத்து ஜமாஅத்துகளுக்குள் மனஸ்தாபம் உண்டு, சபைத் தேர்தல் வந்தால் சர்ச்சுக்குள்ளும் வழக்கு உண்டு. சொந்த வீட்டுக்குள் பேசிப் பழகாதவர்கள் அடுத்த வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவார்கள்? அதனால் தலைவர்கள் என்று வந்து உட்காருகிறவர்களை மட்டும் அழைத்தால் போதாது, அவர்களோடு ஒத்துப்போகாதவர்களும் வர வேண்டும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாநகராட்சிப் பள்ளியில் ஒரு வகுப்பறை. வட்டாட்சியர் அல்லது அவர் அனுப்பும் ஒருவர் வந்து ஓரமாக உட்கார்ந்தால் போதும், தலைமை தாங்க வேண்டாம், மாலை பொன்னாடை வேண்டவே வேண்டாம். வரப்போகும் விழாக்களின் தேதி, நேரம், ஊர்வல வழி, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றைப் பேசி முடித்து ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும், அந்த நோட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், ஆள் மாறினாலும் அது இருக்கும். பெண்களை அழைக்க வேண்டும், அமைதிக் கூட்டங்களில் இதுவரை ஒரு பெண்ணைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப் நடத்துகிற பையன்கள் கட்டாயம் வர வேண்டும், பொய் வீடியோ வந்தால் முதலில் போன் செய்து கேட்க அவர்களில் ஒருவர் நம்பர் மற்றவரிடம் இருக்க வேண்டும்.

மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை 2022 முதல் இருக்கிறது, குடிநீரும் குப்பையும் அங்கே பேசப்படுகின்றன. அதோடு இதைச் சேர்ப்பதா, தனியாக நடத்துவதா என்பது தங்கள் முடிவு. ஆகஸ்ட் 20 அன்று அரசு அலுவலகங்களில் எடுக்கும் நல்லிணக்க நாள் உறுதிமொழி அந்தச் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, முதல் கூட்டத்தை அதையொட்டி வைத்தால் அதற்கும் ஒரு வேலை கொடுத்ததாக இருக்கும்.

முதலில் எங்கள் வார்டில் ஒரு வருடம் நடத்திப் பாருங்கள். நாற்காலி, டீ செலவு எங்களுடையது. தங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறோம், வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் வருகிறோம்.

இப்படிக்கு,
திருவல்லிக்கேணி பகுதிவாசிகள்
(கையெழுத்துகள் இணைப்பில்)

நகல்: மாநகராட்சி ஆணையர், காவல் ஆணையர், சென்னை.