சும்மா இருப்பதற்குச் சம்பளம்: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

நேரில் பேசினால் அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும். போனில் பேசினால், "அட, அதை இன்னுமா மனசுல வெச்சிருக்கே" என்று சிரித்து முடித்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். இதை ஏன் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நீங்கள் சொன்னதும் எல்லோரும் இருந்த இடத்தில்தானே.

"நம்ம மச்சானுக்குக் குடுத்து வெச்ச வாழ்க்கை. சும்மா இருக்கறதுக்குச் சம்பளம்!"

கூடியிருந்த இருபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சொன்னதை விட, நான் சிரித்தேனே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நீங்கள் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு வேலை போன வாரத்தில், யாருக்கும் தெரியாமல் என் கையில் ஒரு உறையைத் திணித்துவிட்டுப் போனவர் நீங்கள். அதே ஆள் எப்படி இப்படிச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தேன். கையில் கொடுத்தபோது நான் உங்கள் மச்சான். உதவித்தொகை என்ற சொல் வந்ததும் உங்கள் வரிப்பணத்தில் உட்கார்ந்து தின்பவன். இரண்டுக்கும் நடுவில் நான் மாறவில்லை அத்தான்.

நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். அத்தனை மாதச் சம்பளச் சீட்டிலும் வேலையின்மைக் காப்பீடு என்று ஒரு பிடித்தம் இருக்கிறது. இப்போது வருவது அந்தக் காப்பீட்டுப் பணம். பழைய சம்பளத்தில் ஒரு பங்கு, அதுவும் குறிப்பிட்ட மாதங்களுக்கு மட்டும். போன வருடம் உங்கள் வண்டியின் பின்பக்கத்தை யாரோ இடித்தபோது காப்பீட்டு நிறுவனம் பழுது பார்த்துக் கொடுத்தது. "இடி வாங்கினதுக்குச் சம்பளம்" என்று யாராவது உங்களைச் சொன்னார்களா?

இதைத் தொடங்கியவர்களும் காப்பீடு என்றுதான் பெயர் வைத்தார்கள். 1901இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகராட்சி, தொழிற்சங்கங்கள் நடத்திவந்த வேலையில்லாதோர் நிதியில் தன் பங்கையும் சேர்க்க ஆரம்பித்தது. 1911இல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. கப்பல் கட்டுதல், கட்டட வேலை, இயந்திரத் தொழில் போன்ற சில தொழில்களுக்கு மட்டும்தான் அன்றைக்கு வேலையின்மைக் காப்பீடு. தொழிலாளியும் முதலாளியும் வாரா வாரம் கட்டினார்கள், அரசும் ஒரு பங்கு போட்டது. வேலை போனால் முதல் வாரம் ஒன்றும் கிடையாது. பிறகு வாரத்துக்கு 7 ஷில்லிங், வருடத்துக்கு அதிகபட்சம் 15 வாரம். ஏன் அந்தத் தொழில்கள்? கையில் இருக்கும் கப்பல் முடிந்து அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வராவிட்டால் ஆயிரம் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரே வெள்ளிக்கிழமையில் ஆயிரம் பேர் சொல்லிவைத்தாற்போலச் சோம்பேறி ஆகிவிட முடியாது என்பது அன்றைக்கே புரிந்திருந்தது. எங்கள் பிரிவில் அறுபத்திரண்டு பேரை ஒரே நாள் காலையில் அனுப்பினார்கள். நான் அதில் ஒருவன்.

காப்பீட்டுக் காலம் முடிந்த பிறகு வரும் உதவி வேறு. அது பெரும்பாலும் வரிப்பணம்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் இன்னும் அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை. போனால், ஒன்பது வருடம் நான் கட்டிய வரியும் அதற்குள் எங்கேயோ இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, அந்தச் 'சும்மா'வுக்கு வருகிறேன். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். மறுநாள் காலையில் போக ஒரு வேலை இருந்தவர்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை இடங்களுக்கு விண்ணப்பித்தேன், யார் பெயருக்கு, எந்தத் தேதியில், என்ன பதில் வந்தது. பதில் வராதவைதான் அதிகம், ஆனால் "பதில் இல்லை" என்று எழுதினால் அதற்கும் சான்று கேட்பார்கள். பதில் வராததற்கு எதைச் சான்றாகக் காட்டுவது என்று இதுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு கேள்வி இருக்கிறது: "இக்காலத்தில் ஊதியம் பெற்றோ பெறாமலோ ஏதேனும் வேலை செய்தீர்களா?" நாலாவது மாதத்தில் ஒரு நண்பர் இரண்டு நாள் வேலை கொடுத்தார். நேர்மையாக எழுதினேன். அந்த இரண்டு நாள் கூலி உதவித்தொகையில் கழிக்கப்பட்டது, அது நியாயம். ஆனால் "நிலை மாறியுள்ளது, பரிசீலனையில்" என்று சொல்லி அடுத்த தொகையை ஐந்து வாரம் நிறுத்திவைத்தார்கள். இரண்டு நாள் உழைத்ததற்கு ஐந்து வாரத் தண்டனை. அதற்குப் பிறகு சில்லறை வேலை வந்தால் எடுப்பதற்கு முன்னால் பத்துத் தடவை யோசித்தேன். நான் யோசிப்பதை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரியும்.

பணத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. வருமானம் பாதியானால் வாடகை பாதியாகாது, கடன் தவணையும் பாதியாகாது, அவ்வளவுதான். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். போன மாதம் அக்கா என்னிடம் ஒரு வேலை சொல்லி, நான் மறந்துபோய், "வீட்ல சும்மாதானே இருக்கே, இதைக்கூட ஞாபகம் வெச்சுக்க மாட்டியா" என்று கடிந்துகொண்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் மறதி எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இப்போது தெரியும். 2013இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாத நேரத்தில் ஒருமுறையும், அறுவடை முடிந்து பணம் வந்த பிறகு ஒருமுறையும் சோதித்தார்கள். அதே ஆள், அதே மாதிரிப் புதிர்கள். காசில்லாத நாளில் மதிப்பெண் குறைந்தது. எந்தக் கட்டணத்தை எந்தத் தேதிக்குத் தள்ளலாம், தள்ளினால் அபராதம் எவ்வளவு என்ற கணக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மற்றதற்கு இடம் கொஞ்சம்தான் மிஞ்சும்.

அலுவலகக் கவுண்டரில் இருப்பவர்கள் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று முதல் சில மாதம் கோபம் வந்தது. பிறகு புரிந்தது, அது அந்த ஆளின் குணம் இல்லை, விதியின் குணம். 1834இல் இங்கிலாந்தில் ஏழைகள் சட்டத்தைத் திருத்தியபோது ஒரு கொள்கையை வெளிப்படையாகவே வைத்தார்கள்: உதவி பெறுகிறவனின் நிலை, வேலை செய்கிறவர்களில் ஆகக் கீழே உள்ளவனின் நிலையை விட மோசமாகத்தான் இருக்க வேண்டும். நன்றாக வைத்துக்கொண்டால் எல்லோரும் வந்துவிடுவார்களாம். அந்தச் சட்டம் போய்விட்டது, வாடை போகவில்லை. 1931இல் அதே பிரிட்டனில் காப்பீட்டுக் காலம் முடிந்தவர்களுக்கு வருமானச் சோதனை வைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி, பிள்ளைகளின் சம்பளத்தையும் கணக்கில் எடுத்து அப்பாவின் உதவியைக் குறைத்தார்கள். சம்பாதிக்கிற பிள்ளைகள் வீட்டை விட்டுப் போன குடும்பங்கள் உண்டு. இருந்தால் அப்பாவுக்குப் பணம் வராது.

ஆனால் அரசின் கவுண்டர் மாலையில் மூடிவிடுகிறது அத்தான். சொந்தக்காரர்களின் கவுண்டருக்குத்தான் நேரம் கிடையாது. அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்து "புதுசா?" என்று ஒருவர் கேட்டார். சாதாரணக் கேள்விதான். "இல்லை, மூணு வருஷம் ஆச்சு, அப்ப வேலைல இருந்தேன்" என்று தேதியோடு விளக்கம் சொன்னேன். யாரும் கேட்காத சான்றிதழை நானே எடுத்து நீட்டினேன். இப்போதெல்லாம் வெளியே உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்தால்கூட யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன். வேலை போன புதிதில் இந்தப் பணத்துக்கு விண்ணப்பிக்கவே மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வெட்கம். அந்த மூன்று வாரப் பணம் போனது போனதுதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். எனக்கு வேலை போவதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். எட்டு மாதமாக அவருக்கு ஒன்றும் அமையவில்லை என்று யாரோ சொன்னபோது, "பணம் வந்துட்டு இருக்குல்ல, அவசரம் இருக்காது" என்று சொன்னது நான்தான். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு அதில் ஒரு பயம் ஒளிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அவர் சோம்பேறி என்றால் எனக்கு அப்படி நடக்காது, ஏனென்றால் நான் சோம்பேறி இல்லை. அப்படி ஒரு கணக்குப் போட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன். உங்களுக்கும் அதே பயமாக இருக்கலாம். உங்கள் நிறுவனத்திலும் ஆட்குறைப்புப் பேச்சு இருப்பதாக அக்கா சொன்னாள்.

வேலை போன அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. இனி நிறையப் படிக்கலாம். வீட்டில் புத்தகங்கள் அடுக்கிக் கிடந்தன. ஆறு மாதம் ஒன்றைக்கூட முடிக்க முடியவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஏழாவது மாதத்தில்தான் மரியெந்தால் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1929-30இல் ஆலையை மூடிவிட்டார்கள். மேரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரும் அவர்களின் குழுவும் அங்கே போய் மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்து, 1933இல் வெளியிட்டார்கள். அந்த ஊரில் தொழிலாளர்களுக்கு ஒரு நூலகம் இருந்தது. வேலை போனதால் எல்லோருக்கும் நேரம் கிடைத்தது, இரவல் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் இரண்டே வருடத்தில் இரவல் போகும் புத்தகங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன! அதைப் படித்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அப்பாடா, எனக்கு மட்டும் இல்லை.

இன்னொன்றும் செய்தார்கள். தெருவில் நடக்கிறவர்களை ஒரு ஜன்னலில் மறைந்திருந்து, கையில் கடிகாரத்தோடு கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். பெண்கள் அவர்களைவிட வேகமாகப் போனார்கள். சம்பளம் தரும் வேலைதான் போயிருந்தது, வீட்டு வேலை போகவில்லை அல்லவா. அன்றைய பொழுதை மணிக்கணக்கில் எழுதித் தரச் சொன்னால் ஆண்களுக்கு எழுத ஒன்றும் இல்லை. எழுந்தது, பிள்ளையை எழுப்பியது, மதியச் சாப்பாடு. நடுவில் போன நேரத்துக்குக் கணக்கே இல்லை. "சும்மா" என்று நீங்கள் சொன்னது இதைத்தான் என்றால், ஆமாம், அப்படி நான் இருந்திருக்கிறேன். அது கொடுத்துவைத்த வாழ்க்கை இல்லை.

பணம் கொடுத்தால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்று வாதாடுவீர்கள், தெரியும். பின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு வருடம், வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். படிவமும் இல்லை, விண்ணப்பக் கணக்கும் இல்லை, வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. அவர்கள் படுத்துவிடவில்லை. இரண்டாவது ஆண்டையொட்டிய கணக்கில், பணம் பெறாதவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் கூடுதலாக வேலை செய்திருந்தார்கள். ஆறு நாள் என்பது சொற்பம்தான், இதை வைத்து நான் பெரிதாக வாதாடவில்லை. அவர்கள் மனச்சோர்வு குறைந்து இருந்தார்கள், மற்றவர்கள் மேல் கூடுதலாக நம்பிக்கை வைத்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, உங்களை மன்னிப்புக் கேட்க வைக்கவும் எழுதவில்லை. ஒன்றே ஒன்று. இனிமேல் பார்க்கும்போது "ஏதாவது ஆச்சா?" என்று கேட்காதீர்கள். வேலை கிடைத்தால் முதலில் உங்களுக்கும் அக்காவுக்கும்தான் சொல்லுவேன். அதுவரை வேறு எதையாவது கேளுங்கள். இப்போது திரும்பப் படிக்க ஆரம்பித்துவிட்டேன், அதைக் கேட்கலாம்.

மாடி அறை மின்விசிறியைக் கழற்ற வேண்டும், ஏணி பிடிக்க ஆளில்லை என்று அக்கா சொன்னாள். நான் வருகிறேன். "ஊதியம் பெறாமல்" என்ற கட்டத்தில் இதை எழுத வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வர பத்து வேலை நாள் ஆகுமாம். மின்விசிறி அதுவரை தாங்குமா?

அன்புடன்,
உங்கள் மச்சான்