அந்த மூலையைக் கூட்டாதீர்கள்

எங்கள் ஊர்ப் பூங்காக்களைப் பராமரிக்கும் அலுவலர்களுக்கு வணக்கம்.

பொங்கல் வந்தால் நாங்கள் சிலர் நான்கு நாள் பறவை எண்ணக் கிளம்பிவிடுவோம். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புதான். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். ‘காக்காதானே’ என்று ஒன்றை விட்டாலும் பட்டியல் முழுமையாகாது.

எங்கள் பூங்காவில் பட்டியல் நீள்வது நீரூற்றுப் பக்கம் அல்ல. பின்சுவரை ஒட்டி, வேப்பஞ்சருகும் புங்கஞ்சருகும் கணுக்கால் அளவு கிடந்த மூலையில். அங்கேதான் ஆறுமணிக்குருவி இருந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. விடியலிலும் அந்தியிலும் கத்துவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. சருகைக் கிளறிப் பூச்சியும் புழுவும் பிடித்துத் தின்பதுதான் அதன் பிழைப்பு. கத்தரித்த புல்தரையில் அதற்குச் சோறில்லை.

இந்த முறை போகிக்கு முந்தைய வாரமே அந்த மூலையைப் பெருக்கி, சருகைக் குவித்து எரித்துவிட்டீர்கள். எருக்கையும் பிடுங்கியாயிற்று. வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டுக்கொண்டிருந்த செடி அது. இப்போது அங்கே டுரந்தா என்ற அழகுச்செடி வேலி. பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. நான்கு நாளும் போய் நின்றோம்; குருவியைக் காணோம். அதையும் பதிவு செய்திருக்கிறோம்.

எதையும் வெட்டாதே என்று சொல்ல வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களையான உண்ணிச்செடியைத் தாராளமாக வெட்டுங்கள். நாங்களே கூட வந்து நிற்கிறோம். ஆனால் ‘அழகுபடுத்தும் பணி’ என்று கோப்பு எழுதும் முன் எங்கள் பறவைப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். எந்தச் செடியில் எது இருக்கிறது என்று மரம், வண்ணத்துப்பூச்சி பார்ப்பவர்களும் சொல்வார்கள். ஒரு காசு கேட்க மாட்டோம். கணக்கெடுப்பு நாட்களில் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கழுத்தில் பைனாகுலரைப் பார்த்ததும் ‘பர்மிஷன் லெட்டர் எங்கே’ என்று கேட்கும் காவலாளி மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பின்மூலையை மட்டும் துடைப்பம் படாமல் விட்டுவையுங்கள். அக்டோபர் வாக்கில் குருவி மறுபடி வரும். அதற்குள் சருகு சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
காலை நடைக்கு வரும் பறவை நோக்கர்கள்