பூட்டு நடைமுறையில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க அரசு முடங்கும்போதெல்லாம் இரு கட்சிகளையும் திட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறோம். கோளாறு நடைமுறையிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள், அரசுச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் 12 மசோதாக்கள் நிறைவேற வேண்டும். 1996-க்குப் பிறகு ஒருமுறைகூட அத்தனையும் கெடுவுக்குள் முடிந்ததில்லை. மேலவையான செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 100 பேரில் 60 பேர் தேவை. ஆகவே பழைய ஒதுக்கீட்டுக்குத் தற்காலிக நீட்டிப்பு. அதுவும் தவறினால் அரசு அலுவலகங்களுக்குப் பூட்டு. 2018-19-இல் 35 நாள், 2025-இல் 43 நாள்.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் உண்டு. ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளம் மட்டும் நிற்பதேயில்லை!

விஸ்கான்சின் மாநிலத்தில் பட்ஜெட் தாமதமானால் பழைய ஒதுக்கீடே தொடரும். வாஷிங்டன் அதைக் காப்பியடிக்கலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகர்