1,400 சொற்களில் இடம் கிடைக்காதவர்களுக்கு

பிரீமாண்ட், கலிபோர்னியா
ஜூன் 2024

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். வருகிற ஆகஸ்டில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் புள்ளியியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் சேருகிறேன். வயது 41. இதுவரை படித்தது மிஷன் பீக் மலையடிவாரத்தில் இருக்கும் ஓலோனி கம்யூனிட்டி காலேஜில். ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். பாலிடெக்னிக் முடித்தவர்கள் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் போய் உட்காருவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இங்கே முதல் இரண்டு வருடப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகம் மாறலாம். அதற்கு டிரான்ஸ்ஃபர் என்று பெயர். அத்தை போனில் எல்லோரிடமும் "மருமகளுக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சிருச்சு" என்று சொன்னதில், நான் ஏதோ சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பதாகத் திருமங்கலத்தில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மடலை எழுதக் காரணம் அந்த விண்ணப்பம்தான். அதில் நான்கு கேள்விகள். ஒன்று கட்டாயம், மற்ற மூன்றை ஏழிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. ஆக மொத்தம் 1,400. பரிந்துரைக் கடிதம் கேட்பதில்லை. நம்மைப் பற்றி நாமே சொல்வதுதான் எல்லாம்.

முதல் வரைவை என் ஆங்கிலப் பேராசிரியையிடம் காட்டினேன். அவர் பச்சை மையில் 'நாங்கள்' வந்த இடத்தையெல்லாம் வட்டமிட்டுத் தந்தார். பதினேழு வட்டம். "இந்தப் பதினேழில் நீ எது?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வளர்ப்பில் 'நான் செய்தேன்' என்று சொல்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து ஒவ்வொரு 'நாங்களை'யும் 'நான்' ஆக்கினேன். ஆக்க ஆக்க, ஒவ்வொருவராக அந்தப் பக்கத்தை விட்டு எழுந்து போனார்கள். கடைசியில் மிச்சமிருந்தது அந்தப் பேராசிரியையைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரே வரி. அதை அவரே அடித்துவிட்டார்.

எழுந்து போனவர்களைத் திரும்ப உட்கார வைக்கத்தான் இந்த மடல். பேராசிரியை அம்மா, முதல் நாற்காலி உங்களுக்கு. பச்சை மைக்கு நன்றி.

அடுத்து, நூலகத்தில் பார்த்த தெலுங்குப் பெண்மணிக்கு. உங்கள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. 2019இல் ஸ்டீவன்சன் புலிவார்டு நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம். உங்கள் பேரனும் என் மகளும் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். படிக்க ஆசைதான், ஆனால் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா) கட்டணம் தாங்காது என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "என் மருமகள் எச்-4ல் இருக்கும்போதே யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டினாள்" என்றீர்கள். யூனிட் என்பது இங்கே பாடங்களை அளக்கும் கணக்கு. அந்த 46, உள்ளூர்க்காரர்களுக்கான கட்டணம்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏழு வருட விலை உண்டு. 2012இல் வேறொரு காலேஜின் கவுண்டரில் போய் விசாரித்திருந்தேன். டிபெண்டன்ட் விசா என்றதும், வெளியாட்களுக்கான கட்டணம்தான் என்று சொல்லிவிட்டார்கள். அது உள்ளூர்க் கட்டணத்தைப்போல் பல மடங்கு. வீட்டுக்கு வந்து இட்லிக்கு அரிசி ஊறப் போட்டேன், அதோடு சரி. கலிபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் குடியிருந்து, இங்கேயேதான் இருக்கப் போகிறோம் என்பதற்கு வரிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் மாதிரி ஏதாவது காட்டினால் எச்-4 காரர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். மாணவர் விசாவுக்கு உரிய விதியை எனக்கும் சேர்த்துப் பொருத்திவிட்டார்கள் என்பது பிறகு புரிந்தது. அவர்கள் மேல் இப்போது வருத்தம் இல்லை. இன்னொரு கவுண்டரில் கேட்காமல் திரும்பி வந்தேனே, அதுதான் இன்றும் உறுத்துகிறது.

2020 ஆகஸ்டில் சேர்ந்தேன். கொரோனா காலம். ஒரே சாப்பாட்டு மேசையில் மகனின் ஐந்தாம் வகுப்பு, மகளின் ஒன்றாம் வகுப்பு, என் ஆங்கிலம், மூன்றும் ஜூமில். அந்த வருடத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. குக்கர் விசில் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட வகுப்புத் தோழர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பொது நன்றி.

காலேஜில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அவர்களுக்கு. அரை மணி நேர ஜூமில் நீங்கள் எனக்கு ஒரு வருடத்தை மிச்சப்படுத்தினீர்கள். அடுத்த செமஸ்டருக்கு நான் பிசினஸ் கால்குலஸ் எடுத்து வைத்திருந்தேன். கால்குலஸ் என்று பேர் இருக்கிறது, நேரமும் ஒத்து வருகிறது, போதாதா? நீங்கள் 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறந்து காட்டினீர்கள். இடது பக்கம் பெர்க்லி கேட்கிற பாடம், வலது பக்கம் அதற்கு ஈடான ஓலோனி பாடம். கால்குலஸ் ஒன்று, இரண்டு, பலமாறி கால்குலஸ், நேரியல் இயற்கணிதம் என்று வரிசையாக இருந்தது. நான் எடுத்திருந்த பாடம் அந்த வலது பக்கத்தில் எங்குமே இல்லை. திரையிலேயே அதன் மேல் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தீர்கள். "இது நல்ல பாடம். உனக்கான பாடம் இல்லை." கல்யாணத் தரகர் ஒருவர் இதே தொனியில் ஒரு வரனைத் தட்டிக் கழித்தது நினைவுக்கு வந்து, மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தேன்.

அதே கூட்டத்தில்தான் என் அரியர் வெளியே வந்தது. 2000இல் மதுரையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். அந்த வருடமே அப்பாவுக்குப் பக்கவாதம். முதலாண்டோடு நின்று ஜவுளிக்கடை பில் கவுண்டருக்குப் போனேன். துணைப்பாட இயற்பியலில் ஒரு தாள் அரியர், எழுதி முடிக்கவே இல்லை. "இருபது வருஷத்துக்கு முந்தியது, யாருக்குத் தெரியப் போகுது, விட்டுடு" என்று சொந்தத்தில் ஒருவர் அறிவுரை சொன்னார். கவுன்சிலர் மறுத்துவிட்டார். எந்த நாட்டில், எந்தக் கல்லூரியில் ஒரு நாள் படித்திருந்தாலும் காட்டியாக வேண்டும், மறைத்தது தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறுவார்கள் என்றார். மதிப்பெண்ணையும் இந்த ஊர்க் கணக்குக்கு மாற்றாமல் இருந்தபடியே பதிய வேண்டுமாம். பதிந்தேன். 100க்கு 31.

தம்பி, இப்போது உன் முறை. சீல் வைத்த உறையில் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் சான்றை வாங்க நீ பேட்டரிக் கடையை மூன்று நாள் சாத்திவிட்டு அலைந்தாய். அதை மடிக்க மனமில்லாமல் காலண்டர் அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, நூல் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். "அக்கா, ஃபெயில் ஆனதுக்கு இவ்வளவு மரியாதையா?" என்று கேட்டாயே, அந்தக் கேள்வியை விண்ணப்பத்தில் சேர்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கூரியர் செலவை இன்னும் நீ சொல்லவில்லை. சொல்.

நான் படித்த அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு கடன் பாக்கி. பொதுப்பாடங்களில் ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளெல்லாம் ஸ்பானிஷ் வகுப்பில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ இரண்டு வருடமாவது வேறு மொழி வழியில் படித்திருந்தால் அதுவே போதும் என்று விதி இருக்கிறது. தமிழ் மீடியம் என்று சொல்லவே கூசி எத்தனை வருடம் ஓட்டியிருப்பேன்! தலைமை ஆசிரியை பயிற்று மொழி தமிழ் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பச்சை முத்திரையும் குத்தி அனுப்பினார். ஒரு பாடம் முழுசாகக் கழிந்தது. டீச்சர், அந்தத் தாளின் நகலைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பெர்க்லியின் கடிதத்துக்கு இன்னும் சட்டம் வாங்கவில்லை.

காலேஜின் கணக்கு ஆய்வகத்தில் சொல்லித் தரும் வேலையில் இருந்த ஆப்கன் தம்பிக்கு. எங்கள் பிரீமாண்டில் சென்டர்வில் பகுதியைக் குட்டிக் காபூல் என்றே சொல்வார்கள். அங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, வயது 19. நான் கால்குலஸ் இரண்டில் தொகைநுண்கணிதத்தோடு மாரடித்துக்கொண்டிருந்த 2022ஆம் வருடம், அவன் எதிரே உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வான். பென்சிலைத் தொடவே மாட்டான். "ஆன்ட்டி, அடுத்த வரி என்ன?" அவ்வளவுதான் பேச்சு. நான் தப்பாக எழுதினாலும் முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டான். நான்கு வரி தள்ளி நானே முட்டி நிற்கும்வரை காத்திருப்பான். ஒருநாள் பொறுமை போய், "நீ வாங்குகிற சம்பளத்துக்கு ஒரு வரியாவது எழுதேன்" என்றேன். "பரீட்சையில் நான் பக்கத்தில் இருக்க மாட்டேனே" என்றான். எனக்குக் கிடைத்தது பி கிரேடு. அந்த பி முழுக்க என் கையெழுத்து.

வீட்டுக்காரரைப் பற்றி ஊரறிய எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஒன்று மட்டும் எழுதுகிறேன். யூசி என்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் ஆறு, குறிப்பிட்ட பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டியவர்களுக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்கின்றன. பெர்க்லி அந்த ஆறில் இல்லை. பெர்க்லி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று செப்டம்பரில் டேவிஸுக்கு அந்த உறுதி விண்ணப்பத்தைப் போட்டேன். டேவிஸ் இங்கிருந்து தினமும் போய்வரக் கூடிய தூரம் இல்லை. சும்மா போட்டு வைப்போம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் ராத்திரி அவர் லேப்டாப்பை மூடாமல் தூங்கிவிட்டார். திரையில் டேவிஸில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பெட்ரூம் வீடுகள், பக்கத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளிகள், அங்கிருந்து அவர் ஆபீஸுக்கு எத்தனை மணிக்கு முதல் ரயில் என்கிற பட்டியல். காலையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் பெர்க்லியே கிடைத்துவிட்டது. பிரீமாண்டில் ஆரஞ்சு வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமல் டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கலாம். அவருடைய பட்டியல் வீணாய்ப் போனதில் எனக்குத்தான் நிம்மதி.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டுக்கு 46 டாலர், டிரான்ஸ்ஃபருக்கு வேண்டியது 60 யூனிட். ஆக 2,760 டாலர். பெர்க்லியில் ஒரே வருடக் கட்டணம் பதினையாயிரத்துக்கும் மேல். கம்யூனிட்டி காலேஜில் ஆரம்பித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம் என்கிற இந்த வழியை 1960லேயே ஒரு திட்டமாக எழுதி வைத்தது கலிபோர்னியா. 46 டாலருக்கு மேல் ஆன மிச்சச் செலவை ஏற்றுக்கொண்டது இந்த மாநிலத்தில் வரி கட்டுகிற முகம் தெரியாதவர்கள். கடையில் சாமான் வாங்கி விற்பனை வரி கட்டுகிற ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. ரசீதைப் பார்த்து முணுமுணுப்பதை நான் நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

கடைசியாக, பக்கத்து அபார்ட்மென்ட் குஜராத்தி பென்னுக்கு (பென் என்றால் அவர்கள் மொழியில் சகோதரி). உங்களுக்குத் தமிழ் தெரியாது. இதை என் மகள் உங்களுக்கு இந்தியில் படித்துச் சொல்வாள். அவளுக்கு அந்த இந்தியே உங்கள் வீட்டில் வந்ததுதான். செவ்வாய், வியாழன் மாலைகளில் இரண்டு வருடம் என் பிள்ளைகள் உங்கள் சோபாவில்தான் வீட்டுப்பாடம் எழுதினார்கள். காசு நீட்டியபோது கோபித்துக்கொண்டீர்கள். சாப்பாடு கொடுத்து அனுப்பினால், அதே டப்பாவில் தேப்லா ரொட்டி போட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். பரீட்சை முடிந்து நான் வந்து கதவைத் தட்டும்போது, எப்படி எழுதினாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "சாப்பிட்டாயா?" என்பதுதான் முதல் கேள்வி. விண்ணப்பத்தில் உங்களுக்கு முதலில் 60 சொற்கள் கொடுத்திருந்தேன். அது 20 ஆகி, பிறகு 'ஒரு பக்கத்து வீட்டுக்காரர்' ஆகி, பிறகு அதுவும் போய்விட்டது.

நேற்று பெர்க்லி வகுப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். எனக்கு வேண்டிய இரண்டு பாடங்களும் செவ்வாய், வியாழன்தான். மகன் இப்போது தானே வந்துவிடுவான். சின்னவளைத்தான் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பென். உங்கள் டப்பா இரண்டும் இங்கேதான் இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் பக்கத்து வீட்டுக்காரி