அகலத் துளைக்கு அவசரம் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மண்டபம், பாம்பன், தொண்டி கரைகளில் மரப்படகு வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் டிரில்லின் பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டே அகலத் துளை போடுகிறார்கள். பார்க்கவே மனம் பதறுகிறது. டிரில்லில் மாட்டும் துளைமுனையான பிட் மரத்தில் சிக்கிய நொடியில் டிரில் திரும்பி மணிக்கட்டை முறுக்கிவிடும்.

துளையின் அகலம் 25 மி.மீ.க்கு மேல் போனால் வேகத்தைக் குறையுங்கள். பிட் அகலமாக ஆக விளிம்பின் வேகம் கூடும். மரம் கருகும், வெட்டுமுனை மழுங்கும். தட்டை பிட்டின் நடுமுனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கத்திலிருந்து துளையுங்கள். ஒரே தள்ளாகத் தள்ளினால் சிராய் பெயரும். படகுப் பலகையில் அது நீர்க்கசிவுக்கு வழி.

மரத்தை வட்டமாக அறுத்தெடுக்கும் கிண்ண வடிவ ரம்பமான ஹோல்சாவில் தூள் வெளியேற இடமில்லாததால் பல் சூடேறும். வெட்டுத் தடத்தை ஒட்டி, கழிவாக விழும் பக்கத்தில் 8 மி.மீ. துளை ஒன்றை ஊடுருவப் போட்டால் தூள் அதன் வழியே கொட்டும், வேலையும் விரைவாகும்.

ஆழத் துளைக்குத் திருகு பிட்டே நல்லது. நுனித்திருகு தானே இழுத்துச் செல்லும், அழுத்த வேண்டாம். ஈர மரமென்றால் அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் இதைச் செய்துகாட்டிக் கற்றுத்தர வேண்டும்.

– படகுத் தச்சர்கள், பாம்பன்